கப்சியூலில் மிஞ்சிய தூள்: கொட்டாஞ்சேனை மாணவி ஒருவரின் தொய்வும் கைபேசியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு தனி நோயாளியின் கோப்பு அல்ல. கொழும்பில் தொய்வோடு, அதாவது ஆஸ்துமாவோடு, வளரும் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளைக் கோத்து, கிளினிக்குகளில் வேலை செய்பவர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும்படி அமைத்த நிகழ்வு. இதில் வரும் புள்ளிகளும் எண்ணிக்கைகளும் இந்த நிகழ்வுக்கு மட்டும் உரியவை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் பொறுப்பு.

பிள்ளையும் வீடும்

வயது 15, தரம் 10. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் இரண்டு அறைகள். அப்பா, அம்மா, அம்மம்மா, தம்பி. கீழே துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் பாதை. ஐந்து வயதிலிருந்து இழுப்பு. பின்னேரங்களில் டியூஷன், சனிக்கிழமைகளில் வலைப்பந்துப் பயிற்சி. ஆனால் முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு அவள் ஓரமாக நின்று விடுவாள்.

கிளினிக்கில் கொடுத்திருந்த தடுப்பு மருந்து பெக்லோமெதசோன் என்ற ஸ்டெரொய்ட், 200 மைக்ரோகிராம் கப்சியூல். சிறிய கருவியில் போட்டு, காலையும் இரவும் உறிஞ்ச வேண்டிய தூள். கூடவே, இழுப்பு வரும்போது அடிக்கும் நிவாரண மருந்தான சல்பியூட்டமோல் பம்ப். வீட்டில் அதன் பெயர் ‘நீல பம்ப்’. கடந்த ஒரு வருடத்தில் பார்மசியில் வாங்கிய நீல பம்புகள் 5. இரண்டு தடவை வைத்தியசாலையில் நெபுலைஸ் செய்து, அதாவது மருந்தைப் புகைபோல மூச்சோடு கொடுத்து, இருக்கிறார்கள். அதில் ஒருமுறை 5 நாளைக்குப் பிரட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் மாத்திரை.

ஐந்து என்ற அந்த எண்ணிலேயே எச்சரிக்கை இருந்தது. 200 தடவை அடிக்கக்கூடிய நீல பம்புகள் வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் செலவானால் கடுமையான தாக்கம் வரும் ஆபத்து கூடுகிறது. 12ஐ எட்டினால் உயிராபத்தே கூடுகிறது. நீல பம்ப் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்துவிடும். உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதேயில்லை. உலக ஆஸ்துமா வழிகாட்டலான ஜினா, 12 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் சல்பியூட்டமோலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019இலிருந்து சொல்லிவருகிறது.

பிள்ளை கப்சியூலை எத்தனை நாள் போட்டாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 12 வயது வரை மருந்து அம்மாவின் கையில் இருந்தது. பெரியபிள்ளை ஆனதும், “இனி நீயே பார்த்துக்கொள்” என்று ஒரே நாளில் கைமாறியது. எப்படிப் பார்ப்பது என்று எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுபக்கம், பொம்பிளைப் பிள்ளைக்குத் தொய்வு என்று நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வரும் என்ற பயம். அதனால் பம்ப் பாடசாலைப் பையில் இல்லை, அலுமாரியில் இருந்தது.

ஆஸ்துமாக் கட்டுப்பாட்டுச் சோதனை, அதாவது ஏசிடி, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 கேள்விகள் கொண்டது. 5 முதல் 25 வரை புள்ளி. 20 அல்லது அதற்கு மேல் நல்ல கட்டுப்பாடு, 16–19 போதாத கட்டுப்பாடு, 15 அல்லது அதற்குக் கீழே மோசம். செப்டெம்பர் முதல் வாரத்தில் இவளுக்குக் கிடைத்தது 13.

மருந்தைக் கூட்டுவதுதான் கைக்கு வரும் முதல் யோசனை. வைத்தியர் கூட்டவில்லை. மருந்து உள்ளே போகிறதா என்று தெரியாமல் அளவைக் கூட்டுவது ஓட்டை வாளிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றுவது. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: எடுக்கிறாளா, சரியாக எடுக்கிறாளா. இந்த இரண்டையும் கிளினிக் நாளுக்கு வெளியே பார்க்கத்தான் கைபேசி தேவைப்பட்டது.

எந்தக் கருவி, ஏன்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 6 உயர்தரப் பாடசாலைகளில் 314 மாணவர்களை வைத்து, ‘பஃப் சிட்டி’ என்ற இணைய நிகழ்ச்சியைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். கணினியில் 4 அமர்வுகள். தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுப்பது, நிவாரணப் பம்பைக் கையோடு வைத்திருப்பது, புகைப்பதை விடுவது அல்லது குறைப்பது என்று மூன்று பழக்கங்களை மட்டும் அது குறிவைத்தது. பிள்ளை சொல்லும் பதிலுக்கேற்ப அடுத்து வரும் சொல் மாறும். 12 மாதத்தின் பின் அந்தப் பிள்ளைகளுக்கு இழுப்பு நாட்களும் பாடசாலைக்குப் போகாத நாட்களும் குறைந்திருந்தன. கொழும்புக்கு இதிலிருந்து எடுக்கவேண்டியது மென்பொருளை அல்ல, அதன் சிக்கனத்தை. பத்துப் பழக்கத்தை ஒன்றாக மாற்ற நினைத்தால் ஒன்றும் மாறாது.

ஆஸ்துமாச் செயலிகள் பல உண்டு. பெரும்பாலானவை ஆங்கிலத்தில், கணக்குத் திறக்கச் சொல்பவை, பழைய போனில் இடத்தைப் பிடிப்பவை. அடித்த எண்ணிக்கையைத் தானே அனுப்பும் இன்ஹேலர்கள் இந்த வீட்டின் கைக்கு எட்டாதவை. இங்கே இருந்தது ஒரே ஒரு போன். அதுவும் அம்மாவுடையது, டியூஷன் வட்ஸ்அப் குழுக்கள் நிறைந்தது. ஆகவே தெரிவு செய்தவை மூன்று: ஒரு கூகுள் படிவம், கிளினிக்கின் வட்ஸ்அப் இலக்கம், காணொளி. செலவு டேட்டா மட்டும்.

வட்ஸ்அப் இலக்கம் தாதியின் சொந்த இலக்கமாக இருக்கக் கூடாது. இருந்தால் நள்ளிரவுச் செய்திகளின் பாரம் ஒரு மனிதர் தலையில் விழும், அவர் இடமாற்றம் போனால் எல்லாமே அறும். கிளினிக்குக்கு ஒரு வணிகக் கணக்கு, வேலை நேரத்துக்கு வெளியே தானாகப் போகும் பதில்: “இது அவசரத்துக்கான இலக்கம் அல்ல. மூச்சு முட்டினால் 1990க்கு எடுங்கள்.” சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது.

சம்மதம் அம்மாவிடமும் வாங்கப்பட்டது, பிள்ளையிடமும் தனியே கேட்கப்பட்டது. அன்றாடப் பதில்களை அம்மா பார்ப்பதில்லை, ஆபத்தான பதில் வந்தால் மட்டும் அம்மாவுக்கு அழைப்பு என்பதே ஒப்பந்தம். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சிறிது நேரம் எடுத்தது. “நான் பாக்காட்டி ஆர் பாக்கிறது, மிஸ்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பதிலும் ஒரு ஏச்சாகத் திரும்பி வந்தால் பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்று தட்டிவிட்டுப் போவாள் என்பதுதான் விடை. போன் அம்மாவுடையது என்பதால் படிவத்தில் பதிலின் பிரதியை அனுப்புவது, பதில்களின் சுருக்கத்தைக் காட்டுவது, பிறகு திருத்த விடுவது ஆகிய மூன்றும் நிறுத்தப்பட்டன. அனுப்பியபின் போனில் எதுவும் மிஞ்சாது.

படிவத்தில் 4 கேள்விகள். முதல் வடிவத்தில் “நேற்று மூச்சுத்திணறல் இருந்ததா?” என்று இருந்தது. ஒரு வாரம் முழுக்க ‘இல்லை’. ஆனால் இரவில் இரண்டு முறை இருமி எழும்பியதாக அம்மம்மா சொன்னார். ‘மூச்சுத்திணறல்’ என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடும் நிலை என்றே பிள்ளை விளங்கியிருந்தாள். கேள்வி மாறியது: “நேற்று இரவு இருமலால, இழுப்பால, நெஞ்சு இறுக்கத்தால எழும்பினீங்களா?” அடுத்த வாரமே 3 ‘ஓம்’. தமிழில் படிவம் செய்பவர்கள் பாடப்புத்தகச் சொல்லை விட்டு, அந்த வீட்டில் வழங்கும் சொல்லைப் போட வேண்டும்.

மற்றவை: காலைக் கப்சியூலும் இரவுக் கப்சியூலும் போட்டீங்களா, நீல பம்ப் எத்தனை தரம், விளையாட்டு, படியேறுவது எதையாவது விட்டீங்களா.

முதல் நான்கு வாரம்

நினைவூட்டலுக்குப் போனில் காலை 6.10க்கும் இரவு 9க்கும் அலாரம். அது தோற்றது. காலை ஆறு மணிக்குப் போன் குசினியில் அம்மாவோடு இருக்கும். அலாரம் அங்கே அடிக்க, அம்மா அங்கிருந்து கூப்பிட, பிள்ளைக்கு அது மருந்துச் சத்தமாக இல்லாமல் ஏச்சுச் சத்தமாகவே கேட்டது. கடைசியில் கருவியைப் பல்துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் வைத்ததும், ஒரு சிறிய மேசை மணிக்கூடும்தான் வேலை செய்தன. கப்சியூலுக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெண்படலமும் குரல் கரகரப்பும் வரும். ஆகவே பல் துலக்குவதற்குச் சற்று முன்னர் மருந்து என்பது பொருந்தி வந்தது. ஆனால் கப்சியூல் போத்தல் குளியலறையில் இருக்கக்கூடாது. அதன் காரணம் பின்னால் வருகிறது.

மூன்றாம் வாரத்தில் ஒரு விடயம் தெரிந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரையான ஏழு பதில்களும் ஞாயிறு இரவு நான்கு நிமிட இடைவெளிக்குள் வந்திருந்தன. நேர முத்திரை அதைக் காட்டிக் கொடுத்தது. பிள்ளையைக் கண்டிக்கவில்லை. தினமும் படிவம் என்பதே மிகையான கேள்வி. புதன், ஞாயிறு என்று வாரத்தில் இரண்டாகக் குறைத்ததும் பதில் உண்மையானது. உறுதிக்கு, மாத முடிவில் கப்சியூல் போத்தலைத் தட்டில் கொட்டி எண்ணும் படம். 60 கொடுத்து 28 நாளில் 9 மிச்சம். 56 எடுக்க வேண்டியதில் 51, அதாவது 91 வீதம்.

ஆக, எடுக்கிறாள். ஏசிடி 16. இன்னும் போதாது. மருந்தைக் கூட்டுவோம் என்ற யோசனை இங்கே மறுபடி வந்தது. இந்த இடத்தில்தான் பல பிள்ளைகளுக்கு மருந்து தேவையில்லாமல் கூடுகிறது.

முப்பது வினாடிக் காணொளி

ஐந்தாம் வாரத்தில் பிள்ளையிடம் கேட்டது: போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வையுங்கள், வெளிச்சம் முன்னால் இருக்கட்டும், முகம் பக்கவாட்டில் தெரியட்டும், போத்தலிலிருந்து கப்சியூலை எடுப்பது முதல் எல்லாம் ஒரே காட்சியாக. கடைசியில் கருவியைத் திறந்து உள்ளே இருப்பதை லென்ஸுக்குக் காட்டுங்கள்.

அந்தக் காணொளியில் கப்சியூல் சரியாகவே போனது, முறுக்கியதும் இரண்டாகப் பிரிந்தது. பிறகு வாயில் வைத்து, கருவிக்குள்ளேயே மூச்சை விட்டாள். அதன்பின், சூடான தேத்தண்ணியை உறிஞ்சுவதுபோல மெதுவாக, நீளமாக இழுத்தாள். மூச்சைப் பிடித்து வைத்தாள், அது நன்றாகவே இருந்தது. திறந்து காட்டியபோது பிரிந்த கப்சியூலின் ஓட்டில் வெள்ளைத் தூள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கும் மேல்.

தூள் கருவியில் உந்துவாயு இல்லை. தூளைக் கிளப்பி, நுண்துகளாக உடைத்து நுரையீரலுக்கு அனுப்பும் விசை முழுவதும் பிள்ளையின் உறிஞ்சலிலிருந்தே வரவேண்டும். மெதுவாக இழுத்தால் தூள் கருவியிலேயே தங்கும், அல்லது கட்டியாகத் தொண்டையில் விழும். கருவிக்குள் மூச்சு விட்டால் அந்த ஈரத்தில் தூள் உறையும். கொழும்பின் புழுக்கமே போதும் தூளைக் கெடுக்க. குளியலறை ஈரம் அதை இன்னும் விரைவாக்கும்.

இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்ய எங்கே படித்தாள்? யூடியூபில். “மெதுவாக இழுத்து 10 வினாடி பிடியுங்கள்” என்ற காணொளி ஒன்றைப் பார்த்துப் பழகியிருந்தாள். அதில் சொன்னது பிழையில்லை, ஆனால் அது நீல பம்ப் போல அழுத்தி அடிக்கும் பம்புக்கு உரியது. பம்புக்கு மெதுவான மூச்சு. தூளுக்கு வேகமான மூச்சு. இரண்டு கருவியும் உள்ள வீட்டில் இந்தக் குழப்பம் வராமல் இருந்தால்தான் அதிசயம். ‘இணையத்தில் பாருங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி அனுப்பும் கிளினிக் இந்தப் பிழைக்குத் தானும் பொறுப்பு.

அதன்பின் கிளினிக்கில் அதே வகைக் கருவியை வைத்துத் தமிழில் 40 வினாடிக் காணொளி எடுத்து அனுப்பினார்கள். கையைக் கழுவித் துடைக்க வேண்டும். கப்சியூலை எடுக்கும் நேரத்தில் மட்டும் போத்தலைத் திறந்து உடனே மூட வேண்டும். கருவியை நிமிர்த்திப் பிடித்துக் கப்சியூலை இட்டு, பிரியும் வரை முறுக்க வேண்டும். முகத்தைத் திருப்பி மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுக மூடி, ஒரே இழுப்பில் வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்சி, 10 வினாடி பிடிக்க வேண்டும். திறந்து பார்த்துத் தூள் மிஞ்சியிருந்தால் இன்னொரு தடவை. கழுவிய கருவி முழுதாகக் காயும்வரை பாவிக்கக்கூடாது.

நீல பம்புக்கு ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய், கொடுத்தார்கள். நன்றாகக் குலுக்கி, ஒரு நேரத்தில் ஒரு தடவை மட்டும் அடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும். எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லாத பம்பைக் குலுக்கிப் பார்த்து மருந்து இருக்கிறது என்று நம்பக் கூடாது. மருந்து தீர்ந்தபின்னும் உந்துவாயு சத்தம் போடும். திறந்த திகதியை அதில் எழுதி, எடுத்த தடவைகளைக் கூட்டி, 200இல் மாற்றுவதே வழி.

இரண்டாவது காணொளியில் ஓடு சுத்தமாக இருந்தது. ஒன்பதாம் வாரத்தில், அதே மருந்து, அதே அளவு, ஏசிடி 20. நிலை சீரான அந்த நாட்களில் இரண்டு வாரம், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றரில் நின்றபடி மூன்று தடவை ஊதி, அவற்றில் கூடியதை எழுதியபோது அவளுடைய சிறந்த அளவு நிமிடத்துக்கு 340 லீற்றர். 272 அல்லது அதற்கு மேல் பச்சை, 170 முதல் 271 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

புகை, சாம்பிராணி, நுளம்பு

செவ்வாய், வெள்ளிகளில் அம்மம்மா சாம்பிராணி போடுவார். இரவெல்லாம் நுளம்புச்சுருள். “சாம்பிராணி போடாம விளக்கேத்துறதோ, பிள்ளை?” என்றார் அம்மம்மா. நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளை டியூஷனில் இருக்கும் நேரத்தில், பல்கணிப் பக்கம், யன்னல் திறந்து என்று பேசித் தீர்த்தார்கள். நுளம்புச்சுருளுக்குப் பதில் நுளம்பு வலை. கொழும்பில் டெங்கு இருக்க, மாற்று இல்லாமல் சுருளை நிறுத்தச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் என்ற டெங்கு விதி இந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். ஐபுபுரூபன், அஸ்பிரின் சிலருக்கு இழுப்பையும் கிளப்பும். அப்பாவின் சிகரெட் பல்கணிக்குப் போனது. அது அரைத் தீர்வுதான், உடுப்பில் ஒட்டிய புகை உள்ளே வரவே செய்யும்.

அம்மாவின் மனத்தில் ‘ஸ்டெரொய்ட்’ என்ற சொல் இருந்தது. அவருக்குச் சொன்னது: ஒரு நாளைய இரண்டு கப்சியூலில் இருப்பது 400 மைக்ரோகிராம். போன தடவை விழுங்கிய பிரட்னிசொலோன் நாளுக்கு 40 மில்லிகிராம். வலிமை எடைக்கு எடை ஒன்றல்ல. ஆனாலும் விழுங்கிய மாத்திரை உடம்பு முழுவதும் போகிறது, கப்சியூல் பெரும்பாலும் மூச்சுக்குழாயில் வேலை செய்கிறது. கப்சியூலை ஒழுங்காக எடுப்பது, அந்த மாத்திரை தேவைப்படும் நாட்களைக் குறைப்பதற்குத்தான்.

டிசெம்பர்

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வரும் மாசும் நகரின் வாகனப் புகையும் சேரும். 2022 டிசெம்பர் 9 அன்று காற்று மாசினாலும் குளிராலும் நாடெங்கும் பாடசாலைகளை மூட நேர்ந்தது. பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய காற்றுத் துகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர அளவு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். பயிற்சி உள்ள காலையில் மட்டும் காற்றுத் தரச் செயலியைப் பார்க்கச் சொன்னார்கள். வருடம் முழுக்கப் பார்ப்பது பயத்தை மட்டும் வளர்க்கும். துணி முகக்கவசம் இந்தத் துகளைப் போதியளவு தடுக்காது, என்95 தடுக்கும்.

டிசெம்பரில் தம்பியின் தடிமன் இவளுக்கும் ஒட்டியது. இரவு 11 மணிக்குப் படிவத்தில் ‘நீல பம்ப் 6 தரம்’ என்று எழுதினாள். அதைத் தாதி பார்த்தது மறுநாள் காலை 8 மணிக்கு. அதற்குள் அம்மா பீக் ஃப்ளோ ஊத வைத்து, 210 வந்ததும் விடியவே வைத்தியரிடம் கூட்டிப் போயிருந்தார். 62 வீதம், மஞ்சளின் நடு. நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த ஒன்பது மணி நேரம் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை. அனுப்பிவிட்டேன், யாரோ பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை, எதுவும் அனுப்பாததை விட ஆபத்தானது.

படிவத்தை அன்றே திருத்தினார்கள். கூகுள் படிவத்தில் பதிலுக்கேற்ப வேறு பக்கத்துக்கு அனுப்பலாம்; ஆனால் தெரிவு செய்யும் கேள்விகளில் மட்டும், எண்ணைத் தட்டெழுதும் கேள்வியில் முடியாது. ஆகவே நீல பம்ப் கேள்வி ‘0, 1–2, 3–5, 6 அல்லது கூட’ என்று மாறியது. கடைசி இரண்டைத் தொட்டால் அடுத்த பக்கம்: “இப்ப ஒரு முழு வசனத்தை மூச்சு வாங்காம சொல்ல முடியுதா?” ‘இல்லை’ என்றால் பெரிய எழுத்தில்: “படிவத்தை விடுங்க. வீட்டில ஆளை எழுப்புங்க. 1990. நிமிர்ந்து இருங்க. ஸ்பேசரில ஒரு தரம் அடிச்சு 4 மூச்சு. அப்பிடி 4 தரம். 4 நிமிஷம் பாருங்க. அம்புலன்ஸ் வரும்வரை திரும்பச் செய்யுங்க.” ‘ஓம்’ என்றாலும் அதே நாளில் வைத்தியரைப் பார்க்கும்படி வரும். உதடு நீலம், கழுத்துக்குழி உள்ளே இழுப்பது, தூங்கி விழுவது ஆகியவை தெரிந்தால் கேள்வி எதற்கும் காத்திருக்கக் கூடாது.

பாடசாலைக்குப் போன் கொண்டுபோக முடியாது. அங்கே இணையக் கருவி எதுவும் இல்லை. அதே அறிவுரை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு அடையாள அட்டை உறைக்குப் பின்னால் வைக்கப்பட்டது. இரண்டாவது நீல பம்ப் பென்சில் பெட்டிக்குள். ஒரு நண்பிக்கும் வகுப்பு ஆசிரியைக்கும் அது எங்கே என்று தெரியும். யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்தாள். பயிற்சிக்கு 10–15 நிமிடம் முன் இரண்டு தடவை எடுத்து, மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிய பின்பே விளையாட்டு.

ஆறாம் மாதம்

ஏசிடி 22. ஆறு மாதத்தில் நீல பம்ப் ஒன்றுகூட முழுதாகத் தீரவில்லை. படிவம் மாதம் ஒன்றாகக் குறைந்தது, காணொளி மூன்று மாதத்துக்கு ஒன்று. சரியாகப் பழகியவர்களுக்கும் கைமுறை மெல்லத் தேயும். மூன்று மாதம் நிலை சீராக இருந்தால் மருந்தைக் குறைக்க யோசிக்கலாம். ஆனால் பரீட்சைத் தவணையிலோ பருவக்காற்று மாதங்களிலோ அல்ல. திரும்பவும் நிலை தளர்ந்தால், புடெசொனைட்டும் ஃபோர்மோட்டரோலும் ஒன்றாக உள்ள இன்ஹேலருக்கு மாறுவது பற்றி வீட்டாரோடு ஏற்கெனவே பேசியாயிற்று. தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் அது ஒன்றே போதும், செலவுதான் கேள்வி.

கிளினிக் நாளில் முதல் பத்து நிமிடம் இப்போது பிள்ளை தனியே உள்ளே போகிறாள், அம்மா வெளியே வாங்கில் இருக்கிறார். கப்சியூல் போடாத நாட்கள், நண்பர்களிடம் சுற்றும் மின்சிகரெட், யாருக்கும் சொல்லாத இழுப்பு எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கேட்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றும் படிவத்தில் இல்லை. போன் இன்னும் அம்மாவுடையதுதான்.